வாத்துகள் சீக்கிரம் வீடு திரும்பிய நாள்

"கண்ணாடி மறுபடியும் அழ ஆரம்பிச்சிருச்சு மேடம்."

கான்ஸ்டபிள் நெபோய்ஷா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கதவுப் பையிலிருந்து ஒரு சிவப்புக் கோடு போட்ட துணியை இழுத்து முன்கண்ணாடியைத் துடைத்தான். "இந்த ஜீப்புல ஹீட்டர் வேல செய்யணும்னா மந்திரி கையெழுத்துப் போடணும் போல."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"ரோடு எங்க இருக்குன்னு காட்டுங்க, பாக்கறேன்."

இன்ஸ்பெக்டர் வுகோசாவா காலடியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். "சனிக்கிழம கழுவின வண்டியா இது?"

"கழுவினேன் மேடம். அந்த விஷயம் சேத்துக்குத் தெரியல."

அவள் சிரிக்கவில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகள். சிரிப்பைச் சம்பளத்தைப் போல எண்ணித்தான் செலவு செய்வாள். நெபோய்ஷா தலைநகரத்து அடுக்குமாடியில் பிறந்தவன். அவன் பெயருக்குப் பயமில்லாதவன் என்று பொருள். பெயர் வைத்த அப்பா, பையன் வளரும்வரை காத்திருந்து வைத்திருக்கலாம்.

கீழ் யாசெனோவா கிராமத்தில் பிளம் பழத்தைக் காய்ச்சி ராக்கியா என்ற சாராயம் இறக்கும் காலம் முடிகிற நேரம். சனிக்கிழமை மதியம் ஒப்ராத் என்பவரின் கொட்டகையில் ராக்கியா வடிந்துகொண்டிருந்தபோது குப்பென்று தீப்பிடித்தது. ஒப்ராத் முகமும் கைகளும் வெந்து நகர மருத்துவமனையில் கிடந்தார். ஒரு கண் பிழைக்கும், இன்னொன்று சந்தேகம் என்றார்கள். அன்று கொப்பரையைக் கவனித்துக்கொண்டவன் அவருடைய மருமகன் ராதோமிர். ஜெர்மனியில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். காய்ச்சுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. "என் தப்புதான், எழுதிக்குங்க" என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். இன்று மதியம் அரசு வழக்கறிஞர் மருத்துவமனைக்கே வந்து அவன் வாக்குமூலத்தை வாங்கப் போகிறார். வாங்கிவிட்டால் அஜாக்கிரதைக்குச் சிறை. மாமனார் வீட்டு வாசல் அவனுக்கு அத்தோடு சாத்தப்படும்.

"அவனே ஒத்துக்கிட்டான். நாம எதுக்கு மேடம் போறோம்?" என்றான் நெபோய்ஷா.

"ரொம்ப வேகமா ஒத்துக்கிட்டான். அதனாலதான் போறோம்."

கொட்டகையின் கூரை பாதி போயிருந்தது. கரியும் புளித்த பழமும் கலந்த நாற்றம். செங்கல் அடுப்பின் மேல் செப்புக் கொப்பரை கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. ஆவி கசியாமல் மூடியின் விளிம்பில் பூசிய சோள மாவு வெந்து ரொட்டியாகியிருந்தது. மூடியிலிருந்து ஒரு குழாய் பக்கத்திலிருந்த மரப் பீப்பாய்க்குள் இறங்கி, உள்ளே சுருண்டு, அடியில் ஒரு மூக்காக வெளியே எட்டிப் பார்த்தது. பீப்பாய் நிறையத் தண்ணீர். ஆவி அந்தக் குளிரில்தான் சரக்காக மாறி மூக்கு வழியே சொட்ட வேண்டும்.

ராதோமிர் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றான். ஆள் பெரிய உருவம். தோள்கள் மட்டும் யாரோ திட்டப் போகிறார்கள் என்பதுபோல் முன்கூட்டியே குறுகியிருந்தன.

"நடந்தத சொல்லு" என்றாள் வுகோசாவா.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அதனால ஒவ்வொண்ணா மாமாகிட்ட கேட்டேன். பச்சத் தண்ணிய பீப்பாய்க்கு மேலேருந்து விடணுமா, அடியில விடணுமான்னு கேட்டேன். சரக்கு எவ்ளோ தடிப்பா விழணும்னு கேட்டேன். ஐஸ் வாங்கிப் போட்டா நல்லா குளிருமான்னு கேட்டேன். அதுக்குத்தான் எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சாங்க. 'ஜெர்மனிக்காரன் கொப்பரைக்கு ஜுரம்னு ஐஸ் வெக்கறான் பாருங்கடா'ன்னு மாமா கறி வாட்டிக்கிட்டிருந்தவங்கள எல்லாம் கூப்பிட்டுச் சொன்னாரு."

நெபோய்ஷாவுக்கும் சிரிப்பு வந்தது. இருமல் மாதிரி அதை மாற்றிக்கொண்டான்.

"அப்புறம் சொல்லிக் குடுத்தாரா?"

"குடுத்தாரு. தண்ணி அடியில போகணும், சூடானது தானா மேல வழிஞ்சு போயிரும்னாரு. பீப்பாயத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருன்னாரு. மேல கை வெச்சா சுடணும், வயித்துல வெதுவெதுன்னு இருக்கணும், கால்ல சில்லுன்னு இருக்கணும்." ராதோமிர் பீப்பாயின் மேலும் நடுவிலும் அடியிலும் கை வைத்துக் காட்டினான். அடிக்கு வந்த கை அங்கேயே நின்றுவிட்டது. "சனிக்கிழம மதியம் தொட்டேன். கால் வரைக்கும் சுட்டுச்சு. மூக்குலேருந்து சொட்டோட சேந்து புகையாட்டம் ஒண்ணு வந்துச்சு."

"அப்பவே ஏன் கூப்பிடல?"

அவன் தரையைப் பார்த்தான். "அதுக்குள்ள நிறைய கேட்டுட்டேன் மேடம். இன்னொண்ணு கேட்டா இன்னொரு தரம் சிரிப்பாங்க. ஒருவேள இப்படித்தான் இருக்குமோன்னு சும்மா இருந்துட்டேன். மாமா சிகரெட்டோட வந்து, நல்லா வடியுதான்னு குனிஞ்சாரு..."

முகத்தை முழங்கையால் மூடிக்கொண்டான். அவ்வளவு பெரிய உருவம் அழுவதைப் பார்ப்பது சங்கடமாக இருந்தது. நெபோய்ஷா கூரையில் மிச்சமிருந்த ஓடுகளை ஆராய ஆரம்பித்தான்.

வுகோசாவா கோட்டின் கையை முழங்கை வரை சுருட்டினாள். பீப்பாய்க்குள் கையை விட்டு, சுவர்க்குழாயிலிருந்து வந்த பச்சை ஹோஸைப் பிடித்து மேலே இழுத்தாள். நுனியில் ஒரு கல் கட்டியிருந்தது.

"கல்லு கட்டினது யாரு?"

"நான்தான். ஹோஸ் மிதந்து மேல வந்துரக் கூடாதுன்னு."

அவள் கல்லைத் திரும்ப உள்ளே விட்டாள். சுவர்க்குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வந்தது. ஆனால் பீப்பாயில் ஒரு சலசலப்பும் இல்லை. அடியில் புகும் தண்ணீருக்குச் சத்தம் கிடையாது. வழிந்த தண்ணீர் சுவர் ஓட்டை வழியாகக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டது.

"நீ மருத்துவமனைக்குக் கிளம்பு. நாங்க பின்னாடியே வர்றோம். நான் வர்ற வரைக்கும் வாயத் திறக்காத."

"திறந்து சொல்றதுக்கு என்ன மேடம் இருக்கு? நான்தானே..."

"வாயத் திறக்காதன்னா திறக்காத."

அவன் பஸ்ஸைப் பிடிக்கப் போனதும் நெபோய்ஷா தொண்டையைக் கனைத்தான். "மேடம், ஊரே சொல்லுது, மருமகன் ஹோஸ மேல விட்டுட்டான், அதான் அடி சூடாயிருச்சுன்னு."

"ஊரு ஹோஸ இழுத்துப் பாத்துச்சா? இவன் எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சிருக்கான். ஒழுங்கா செஞ்சதுதான் இவனக் கெடுத்துருக்கு. மேலேருந்து விட்டிருந்தா தண்ணி நின்ன உடனே சத்தம் நின்னிருக்கும். ஒரு கழுதைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

"தண்ணி நின்னுச்சுன்னு சொல்றீங்களா? இப்ப வருதே."

"இப்ப வருது. சனிக்கிழம வந்துச்சான்னு யாரக் கேக்கறது?"

அவர்கள் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். சுவர் ஓட்டையிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் பக்கத்து வீட்டுப் புல்வெளிக்குள் நுழைந்தது. அங்கே வாத்துகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன.

"சாட்சிங்க நிக்குது" என்றான் நெபோய்ஷா. "வக்கீல் வெச்சுப் பேசுவோமா, நேரா பேசலாமா?"

விளையாட்டாகச் சொன்னதை வுகோசாவா நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். வேலியைத் தட்டினாள். ஸ்தாமெனா என்ற கிழவி முட்டைக்கோசு வெட்டுகிற கத்தியோடு வெளியே வந்தாள். ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்ததில் கையெல்லாம் உப்பு.

"அம்மா, உங்க வாத்துங்க இந்த வாய்க்கால்லதான் குளிக்குதா?"

"கொப்பர எரியற நாள்ல வெந்நி வருமில்ல? அதுங்களுக்கு அதுதான் திருவிழா. காலைல போனா இருட்டற வரைக்கும் வராது. நான் கூப்பிட்டாலும் என்னத் தெரியாத மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கும்."

"சனிக்கிழம?"

ஸ்தாமெனா கத்தியைத் தாழ்த்தினாள். "சனிக்கிழம சீக்கிரமே வந்துருச்சுங்க. நான் மதியச் சூப்பு அடுப்புல வெச்சிருந்தேன். வரிசையா வந்து வாசல்ல நின்னு என்னையே மொறச்சுச்சுங்க. நான்தான் தண்ணிய நிறுத்திட்ட மாதிரி."

"தீப்பிடிச்சது?"

"சூப்பு சாப்பிட்டு முடிச்சப்புறம்." சொல்லும்போதே அவள் முகம் மாறியது. "அய்யோ. வாய்க்கா காஞ்சதுன்னா தண்ணி நின்னு போச்சுன்னுதானே அர்த்தம்? ஒரு எட்டு போயி சொல்லியிருந்தா... ராசா, என் கண்ணு முன்னாடிதானே வந்து நின்னுச்சுங்க. நான் போங்கடின்னு வெரட்டினேன். அந்த மனுசன் கண்ணு போனதுக்கு நான்தான் காரணம்."

அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் நெபோய்ஷாவின் கையில் ஊறுகாய்க் கோசு ஒரு கிண்ணம் வந்துவிட்டது. அதைத் தின்றுகொண்டே நடந்தான்.

"இதோட மூணு பேரு மேடம். மருமகன் நான்தாங்கறான். ஆஸ்பத்திரில ஒப்ராத், சிகரெட்டோட குனிஞ்ச என் தப்புதாங்கறாரு. இப்ப இந்தம்மா. இந்த ஊர்ல குத்தவாளிக்குப் பஞ்சமே இல்ல. வரிசையில நின்னு வாங்கிக்கலாம்."

"எல்லாரும் கை தூக்கறாங்க" என்றாள் வுகோசாவா. "கை தூக்காத ஒருத்தன் எங்கயோ இருக்கான். நமக்கு வேண்டியவன் அவன்தான்."

நல்ல வசனம் என்று நெபோய்ஷா நினைத்தான். பிறகு எங்காவது தன் பெயரில் சொல்லிக்கொள்ளலாம்.

கொட்டகைக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் மலைச்சரிவில் மேல் நோக்கிப் போனது. பாதி புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் ஓடிய அதன் பக்கத்திலேயே அவர்கள் ஏறினார்கள். நெபோய்ஷாவின் நகரத்து ஷூ ஒவ்வொரு அடிக்கும் சேற்றோடு சண்டை போட்டது. "இந்தக் குழாய் எங்க போய் முடியுது மேடம்? சொர்க்கத்துலயா?"

"மேல் யாசெனோவா ஊத்துல."

மேட்டில் ஏறியதும் தார்ச்சாலை குறுக்கே வந்தது. சாலையோரம் ஒரு சிமெண்ட் தொட்டி, அதன் மேல் ஒரு பித்தளைக் குழாய், பின்னால் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்த கல் அறை. தொட்டியின் நெற்றியில் யாரோ இறந்தவர் நினைவாக ஒரு சிலுவை செதுக்கியிருந்தது.

நெபோய்ஷாவின் கால் நின்றது. இந்த இடம் அவனுக்குத் தெரியும். மறுபக்கச் சாலை வழியாக ஜீப்பில் வந்திருக்கிறான். சனிக்கிழமை, ஆடு திருடு போன புகாருக்காக. வுகோசாவா ஆட்டுக்காரர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது.

வாயில் இருந்த கோசு திடீரென்று ரொம்பப் புளித்தது.

தொட்டிக்குப் பக்கத்தில் மிலிசாவ் என்ற கிழவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். இரண்டு ஊருக்கும் பொதுவான தண்ணீர்க் காவல் அவர். கோடாரியை இறக்காமலே கேட்டார்: "மறுபடியும் ஆடா?"

"தண்ணி" என்றாள் வுகோசாவா. "இந்த பித்தளைக் குழாயத் திறந்தா கீழ் ஊருக்குத் தண்ணி போகுமா?"

"ஒரு சொட்டு போகாது. எல்லாம் இந்தத் தொட்டியிலயே கொட்டிரும். அதனாலதான் மூடியே வெச்சிருப்போம். மாடு குடிக்க மட்டும் திறக்கறது."

"கீழ கொப்பர எரியும்போது யாராவது மாட்டுக்குத் திறந்துட்டா?"

"திறக்க மாட்டாங்க." கிழவர் அதைப் பெருமையாகச் சொன்னார். "காய்ச்சற வீட்டுக்காரி தன் அடுப்பங்கரைத் துணிய ஒண்ணு குடுத்து அனுப்புவா. நான் அத இந்தக் குழாய்க் கழுத்துல முடிஞ்சு வெப்பேன். துணி இருந்தா கீழ நெருப்பு எரியுதுன்னு அர்த்தம். மாடு தாகத்துல செத்தாலும் இங்க ஒருத்தன் கை வெக்க மாட்டான். என் அப்பன் காலத்துலேருந்து அப்படித்தான்."

"சனிக்கிழம கட்டினீங்களா?"

"கட்டினேன். ஒப்ராத் மக தெசாங்கா குடுத்தா."

"இப்ப அந்தத் துணி எங்க?"

"அது... அன்னிக்கு சாயந்திரமே அவ கையில குடுத்துட்டேன்."

"சனிக்கிழம மதியத்துலேருந்து தெசாங்கா ஆஸ்பத்திரில அப்பா கட்டில் பக்கத்துல உக்காந்திருக்கா. அங்க போயா குடுத்தீங்க?"

கோடாரி மெல்லத் தரையிறங்கியது. மிலிசாவ் தன் விறகுக் கட்டையின் மேலேயே உட்கார்ந்தார். 

"கீழ கறி வாட்றாங்கன்னு கூப்பிட்டாங்க. போயிருக்கக் கூடாது. நான் காவக்காரன். தீ அணைஞ்சப்புறம், இனி துணி எதுக்குன்னு அவுக்க வந்தேன். துணிய காணோம். குழா முழுசா திறந்து கெடக்கு. தண்ணி தொட்டி நெறஞ்சு ரோட்டுல ஓடுது. ஓடையில சோப்பு நுர." அவர் கண்களைத் துடைத்தார். "மூடினேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அந்த மருமகப் பய தானா வந்து நான்தான்னு சொன்னான் பாருங்க, அப்பவாவது சொல்லியிருக்கணும். நான்தான் மேடம். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"நாலு" என்று நெபோய்ஷா சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை.

"துணி எப்படி இருக்கும்?"

"செவப்புக் கோடு. ஒரு மூலையில அயர்ன் பொட்டி சுட்ட ஓட்ட."

நெபோய்ஷா வலது கை ஆள்காட்டி விரலைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான். காலையில் கண்ணாடி துடைக்கும்போது அந்த விரல்தான் ஒரு ஓட்டைக்குள் நுழைந்தது. மட்டமான துணி என்று நினைத்திருந்தான். குழாயில் கட்டிக் கிடந்தது, சரி, வருகிறவன் போகிறவன் கை துடைக்க யாரோ வைத்திருக்கிறார்கள் என்றுதான் அவிழ்த்தான். கழுவினான், துடைத்தான், பிழிந்தான், கதவுப் பையில் போட்டான். குழாயை மூடவில்லை. ஊற்றை யாராவது மூடுவார்களா?

"சோப்பு நுரையா" என்றாள் வுகோசாவா. ரோட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நெபோய்ஷா, நீ என்ன நெனக்கற?"

"யாராவது ஆட்டக் குளிப்பாட்டியிருப்பாங்க மேடம்." தன் குரலே அவனுக்கு வேறு யாருடையதோ போல் கேட்டது. "திருடு போன ஆடு. அடையாளம் தெரியாம இருக்க."

"இந்தக் குளிர்ல ஆட்டக் குளிப்பாட்டினா திருடினவனே அத ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். வண்டி கழுவியிருக்காங்க. இந்த ஊர்க்காரன் இந்த சேத்துல வண்டி கழுவுவானா? அடுத்த வளைவுலயே மறுபடி பன்னியாயிரும்னு அவனுக்குத் தெரியும். வண்டி சுத்தமா போய்ச் சேரணும்னு கவலப்படறவன் வெளியூர்க்காரன். துணிக்கு அர்த்தம் தெரியாதவன்."

"அப்படியும் இருக்கலாம்" என்றான்.

"உனக்கு உடம்பு சரியில்லையா? மூஞ்சி வெளுத்திருக்கு."

"கோசு மேடம். ஒத்துக்கல."

சரிவில் இறங்கும்போது அவன் மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. துணியை அடுப்பில் போட்டுவிடலாம். பார்த்தவர் யாருமில்லை. யாரோ ஒரு வெளியூர்க்காரன், எந்த ஊர், எந்த வண்டி, யார் கண்டது. தண்ணீர் நின்றது என்று மிலிசாவும் ஸ்தாமெனாவும் சொன்னாலே ராதோமிர் பாதி தப்பிப்பான். பாதி போதாதா? போதும் என்று ஒரு அடியிலும், போதாது என்று அடுத்த அடியிலும் தோன்றியது. கொட்டகையைத் தாண்டியபோது பீப்பாய் தெரிந்தது. அதன் அடிக்கு வந்து நின்றுபோன அந்தப் பெரிய கை ஞாபகம் வந்தது. அவன் கேட்ட கேள்விக்குத் நானும்தானே சிரித்தேன். இருமலாக மாற்றினாலும் சிரிப்பு சிரிப்புதான்.

ஜீப் கிளம்பியது. இரண்டு பேர் மூச்சில் கண்ணாடி மறுபடியும் பனி பிடித்தது. நெபோய்ஷா கோட்டுக் கையால் துடைத்தான். தெளியவில்லை. மறுபடி துடைத்தான்.

"காலைல ஒரு துணி வெச்சிருந்தியே" என்றாள் வுகோசாவா.

அவள் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபமில்லை. ஏதோ உப்பு கேட்பது போலக் கேட்டாள்.

நெபோய்ஷா ஜீப்பை ஓரம் கட்டினான். என்ஜினை நிறுத்தினான். கதவுப் பையிலிருந்து துணியை எடுத்து மடியில் விரித்தான். சுட்ட ஓட்டை நடுவில் வந்து விழுந்தது.

"எப்பத் தெரியும் மேடம்?"

"உனக்குத் தெரிஞ்ச அதே நிமிஷம். நீ கோசு மெல்றத நிறுத்தினே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவியான்னு பாத்தேன். ஊத்துலேருந்து இங்க வரைக்கும் நேரம் குடுத்தேன்." அவள் முதல் முறையாக அவன் பக்கம் திரும்பினாள். "இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா நானே கேட்டிருக்க மாட்டேன். ரிப்போர்ட்ல வேற மாதிரி எழுதியிருப்பேன்."

"அவிழ்த்தது நான்தான். மூடாம போனதும் நான்தான். வேல போயிரும், இல்ல?"

"போகலாம்."

அவன் தலையாட்டினான். சொல்வதற்கு ஏதாவது ஒரு வேடிக்கை வருமா என்று பழக்கத்தில் தேடிப் பார்த்தான். வரவில்லை.

"உன் பேரோட நிறுத்திடாத, என் பேரையும் சொல்லு" என்றாள் வுகோசாவா. "பன்னித் தொழுவம் மாதிரி வண்டியில நான் டவுனுக்குத் திரும்ப மாட்டேன், கழுவுடான்னு ஜன்னல் வழியா கத்தினது நான். கையில காப்பியோட."

"நீங்க கழுவத்தானே சொன்னீங்க மேடம்."

"ஆமா. அங்க தண்ணி எப்படின்னு ஆட்டுக்காரர ஒரு வார்த்த கேட்டுச் சொல்லியிருக்கலாம். பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. வண்டிய எடு. அரசு வழக்கறிஞர் நேரத்துக்கு வர்ற ஆளு."

மருத்துவமனை அறையில் ஒப்ராத்தின் கட்டுப் போட்ட இரண்டு கைகளும் பெரிய ரொட்டித் துண்டுகள் போலப் போர்வை மேல் கிடந்தன. முகத்தில் வாயும் ஒரு கண்ணும் மட்டும் கட்டுக்கு வெளியே. மகள் தெசாங்கா கட்டிலின் ஒரு பக்கம், ராதோமிர் சுவரோரம். மனைவிக்கும் புருஷனுக்கும் நடுவில் அந்தக் கட்டில் ஒரு ஆறு மாதிரி கிடந்தது. தாழ்வாரத்தில் வழக்கறிஞர் யாரிடமோ அறை எண் கேட்பது காதில் விழுந்தது.

நெபோய்ஷா துணியைப் போர்வை மேல் வைத்தான்.

தெசாங்கா அதைத் தொட்டதுமே கண்டுகொண்டாள். விரல் தானாக ஓட்டையைத் தேடிப் போனது. "இது என் துணி. மிலிசாவ் மாமாகிட்ட குடுத்தனுப்பினேன். உங்ககிட்ட எப்படி?"

அவன் சொன்னான். ஜீப்பிலிருந்து நடந்துவரும்போது நன்றாகக் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை. சேறு, சோப்பு, துணி, திறந்த குழாய் என்று துண்டு துண்டாகத்தான் வந்தது. சொல்லி முடித்தான். ராதோமிர் பாய்ந்து வந்து கழுத்தைப் பிடிப்பான் என்று நெபோய்ஷா எதிர்பார்த்தான். பிடித்தால் தேவலை என்றும் இருந்தது.

ராதோமிர் பாயவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, லாரிப் பாதையை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்ப்பவன் போல நின்றான்.

"அப்போ ஹோஸ்?" என்று கேட்டான். "அடியில விட்டது சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு" என்றாள் வுகோசாவா. "கல்லு கட்டினதுகூட."

"சூடு கால் வரைக்கும் வந்தப்ப நான் கேட்டிருக்கணும். அது என் தப்புதான். அது மாறாது."

"மாறாது" என்றாள் அவள்.

கட்டிலிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. ஒப்ராத் பேச முயன்றார். உதடு வெடித்திருந்தது. தெசாங்கா தண்ணீர்க் கரண்டியை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"மாப்ள. இங்க வா."

ராதோமிர் கட்டிலைச் சுற்றி மனைவியின் பக்கம் வந்தான். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்; அவன் உட்கார்ந்தான்.

"நான் சிரிச்சேன்ல" என்றார் ஒப்ராத். "ஐசுக்கு."

"விடுங்க மாமா."

"விட முடியாது. இன்னும் ஏதாவது கேக்கணுமா? கேளு. சிரிச்சா வலிக்குது, சிரிக்க மாட்டேன்."

ராதோமிர் நிமிர்ந்து நெபோய்ஷாவைப் பார்த்தான். பார்வையில் சண்டை இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவனின் பார்வை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"தண்ணி வேணும்னு திறந்தீங்க. சரி. போகும்போது ஏன் சார் மூடல?"

"ஊத்துதானேன்னு நெனச்சேன். அது பாட்டுக்கு எப்பவும் ஓடிக்கிட்டுதான் இருக்கும்னு." நெபோய்ஷா போர்வை மேல் கிடந்த துணியைப் பார்த்தான். "எனக்குத் தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு நின்னாரு. அவர ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டா, பட்டணத்துக்காரனுக்குக் குழாய்கூடத் திறந்து மூடத் தெரியலன்னு சிரிப்பாரோன்னு கேக்கல."

கதவு திறந்தது. அரசு வழக்கறிஞர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். "வாக்குமூலம் குடுக்கப் போறது யாரு?"

ராதோமிர் பழக்கத்தில் எழுந்தான். தெசாங்கா அவன் கோட்டின் நுனியைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுப் பையன் தூக்குவது போல, தோளுக்கு மேல் கொஞ்சம்தான், நெபோய்ஷா கையைத் தூக்கினான்.